மகாராணியும் நீலத் தக்காளியும்

மார்ச் 3

நாத்தனாருக்கு,

அன்புள்ளன்னு எழுத வரல, அதனால எழுதல. நீ போன்ல கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்னு உங்க அண்ணன் சொன்னார். எடுக்க மாட்டேன். எடுத்தா ரெண்டு வார்த்தை கூடுதலா சொல்லிடுவேன், நீ அழுவே, அப்புறம் நானே உட்கார்ந்து சமாதானம் சொல்லணும். அதெல்லாம் நமக்கு ஆகாது. எழுதினா நிதானமாத் திட்டலாம்.

நான் எங்க அம்மா வீட்டுக்குப் போனது ரெண்டே நாள். லீவுக்கு வந்த பொண்ணு சாப்பிட்டுத் தூங்கிட்டுப் போகக்கூடாதா? என் கடைக் கம்ப்யூட்டர்ல இருந்ததையெல்லாம் வழிச்சுத் துடைச்சுட்டு, உன் லினக்ஸோ கினக்ஸோ அதை உள்ள ஏத்திட்டு, 'அண்ணிக்கு ஒரு சர்ப்ரைஸ்'னு சீட்டு ஒட்டிட்டு பஸ் ஏறிட்டே. ஏம்மா, உன்னை யார் கேட்டா?

கம்ப்யூட்டர் சட்டுனு எழுந்திரிக்குது, இல்லேங்கல. என் ஃபைல் எல்லாம் ஒரு போல்டர்ல பத்திரமா இருக்கு, அதையும் பார்த்துட்டேன். ஆனா மகாராணி? கடையில பாதியை அடைச்சுக்கிட்டு நிக்கிற என் கலர் பிரிண்டர்? 'பிரிண்டர் எதுவும் இணைக்கப்படவில்லை'ங்குது. கண்ணு முன்னாடி பீரோ கணக்கா நிக்கிறா, இல்லையாம்!

விதைக்கடைக்காரர் ஆர்டர் குடுத்திருக்கார். தக்காளி, கத்தரி, பூசணின்னு எல்லா விதைக்கும் கலர் பாக்கெட். மழைக்கு முன்னாடி அவர் கைக்குப் போகணும். நான் கையை விரிச்சா டவுன்ல பெரிய பிரஸ்ஸுக்குப் போவார், அப்புறம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். உங்க அண்ணன் இப்பவே 'ஓடலேன்னா இரும்புக் கடைக்குப் போட்டுடலாமே'ன்னு ஆரம்பிச்சுட்டார். பைண்டிங் வேலை பார்த்து நானே சம்பாதிச்சு வாங்கின மெஷின் அது. அவளை எடைக்குப் போட்டா நானும் கூடவே தராசுல ஏறி உட்கார்ந்துப்பேன்னு சொல்லியிருக்கேன்.

பழைய மாதிரி ஆக்கிக் குடு. இல்லேன்னா என் மூஞ்சியில முழிக்காதே.

அண்ணி

*

மார்ச் 10

அன்புள்ள அண்ணி,

உங்க பங்கு அன்பையும் சேர்த்து நானே போட்டுட்டேன்.

கேட்காம கை வச்சது தப்புதான். கால்ல விழறேன். ஆனா நான் கடையைத் திறந்த அன்னிக்கு உங்க கம்ப்யூட்டர் எழுந்திரிக்கவே இல்ல. உள்ள அத்தனை வைரஸ். அந்தப் பழைய சிஸ்டத்தை வித்தவங்களே அதைக் கைகழுவியாச்சு. புதுசு வாங்கினா உங்க கம்ப்யூட்டர் தாங்காது. தாங்கினாலும் அது மகாராணியைக் கண்டுக்காது, ஏன்னா அவளைச் செஞ்ச கம்பெனியும் இனிமே நம்ம பொறுப்பு இல்லேன்னு ஒதுங்கிட்டாங்க.

அந்தச் சீட்டுல லினக்ஸ்னா என்னன்னு எழுதியிருக்கணும். இப்போ எழுதறேன், திட்டிக்கிட்டே படிங்க. கம்ப்யூட்டர்ல திரை, கீபோர்டு, டிஸ்க்னு ஆளுக்கொரு பக்கம் இழுப்பாங்க. எல்லாரையும் கட்டி மேய்க்க ஒருத்தர் வேணும், அதுதான் ஆபரேட்டிங் சிஸ்டம். கடையில வாங்கற சிஸ்டம் பெரும்பாலும் மூடி சீல் வச்சு வரும். உள்ள என்ன நடக்குதுன்னு நீங்க பார்க்க முடியாது, கெட்டுப்போனா வித்தவங்க மனசு வைக்கணும். லினக்ஸ் திறந்து கிடக்கும். யார் வேணா உள்ள பார்க்கலாம், நகல் எடுக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம். ஒரே கண்டிஷன், மாத்தினதைக் குடுக்கும்போது நாமளும் திறந்தே குடுக்கணும். பூட்டு போடக்கூடாது.

உலகம் பூரா எத்தனையோ பேர் சேர்ந்து எழுதறாங்க. சிலருக்கு அது சம்பள வேலை, என்னை மாதிரி சிலருக்கு ஞாயித்துக்கிழமைப் பைத்தியம். பெரிய பெரிய சர்வர்ல ஓடறதும் அதுதான், ஏகப்பட்ட போன்ல அடியில இருக்கிறதும் அதுதான். அதை வெவ்வேற குழு வெவ்வேற விதமாக் கட்டிக் குடுக்கறாங்க. உங்களுக்குப் போட்டது வயசான மெஷினுக்குன்னே லேசாக் கட்டினது.

இப்போ மகாராணி. அவ பாஷையில பேச ஒரு சின்ன புரோகிராம் வேணும், டிரைவர்னு சொல்வாங்க. அதை யாரும் எழுதல. நான் எழுதறேன். நான் இருக்கிறதே பிரிண்டர் டிரைவர் எழுதற குழுவுலதான். ஆனா மெஷின் அங்க, நான் இங்க. அதனால நான் நெட்ல அனுப்பறதைப் போட்டு, ஒரு தாள் அடிச்சு, அந்தத் தாளையே தபால்ல அனுப்புங்க. போன்ல படம் எடுத்து அனுப்ப வேண்டாம், உங்க போன் எந்தச் செவப்பையும் ஆரஞ்சு ஆக்கிடும். கூடவே ஒரு கடுதாசியும் வைங்க. திட்டு இருந்தாலும் பரவாயில்ல, தபால் செலவு ஒண்ணுதான்.

நாத்தனார்

*

மார்ச் 19

நாத்தனாருக்கு,

நீ அனுப்பினதைப் போட்டேன். மகாராணி ஒரு உறுமு உறுமினா பாரு, உங்க அண்ணன் டீயைக் கொட்டிட்டார். எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. தாள் வெளிய வந்துச்சு. எடுத்துப் பார்த்தேன்.

தக்காளி நீலம்!

சும்மா லேசா இல்ல, நல்லா அடிபட்டு வீங்கினாப்ல ஒரு நீலம். விதைக்கடைக்காரர் அந்த நேரம் பார்த்து உள்ள வந்துட்டார். 'இது என்ன புது ரகமா?'ன்னு கேட்கிறார். 'ஆமா, வெளிநாட்டு விதை'ன்னு சொல்லி அனுப்பி வச்சேன். நம்பிட்டார் மனுஷன், கிலோ என்ன விலைன்னு கேட்டுட்டுப் போறார்.

வேடிக்கை என்னன்னா, இலையும் காம்பும் மட்டும் அச்சு அசலா பச்சை. பூசணி என்னவோ ஊதா கலந்து சகிக்கல. தாளை வச்சிருக்கேன், நீயே பார்த்துக்கோ.

அப்புறம், கம்ப்யூட்டரைத் திறந்தா ஒரு பெங்குவின் வந்து உட்காருது. அது எதுக்கு? இருந்தாலும் குண்டா, நல்லாத்தான் இருக்கு.

அண்ணி

*

மார்ச் 27

அண்ணி!

நீங்க ஒரு மேதை. இலை பச்சையா இருக்குன்னு எழுதினீங்க பாருங்க, அந்த ஒரு வரி என் தலைவலியைத் தீர்த்துடுச்சு.

பச்சைங்கிறது நீலமும் மஞ்சளும். அது மாறல. தக்காளிச் செவப்பு, ரோஸும் மஞ்சளும். அது நீலமாயிடுச்சு. அப்படின்னா மஞ்சள் போக வேண்டிய இடத்துக்கு நீலமும், நீலம் போக வேண்டிய இடத்துக்கு மஞ்சளும் போகுது. ரெண்டும் இடம் மாறினா இலைக்கு ஒண்ணும் ஆகாது, தக்காளி மாட்டிக்கும். மகாராணி கலரை வரிசை மாத்திக் கேட்கிறா, நான் எல்லா மெஷினுக்கும் குடுக்கிற வரிசையில குடுத்தேன். மாத்தி அனுப்பியிருக்கேன்.

உங்க நீலத் தக்காளியை ஆபீஸ் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன். பார்க்கிறவங்க எல்லாம் சிரிக்கறாங்க.

பெங்குவின்தான் லினக்ஸோட சின்னம். உங்களுக்குப் பிடிச்சிருச்சுன்னு எழுதி வச்சுக்கிறேன், பின்னாடி இல்லேன்னு சொல்ல முடியாது.

நாத்தனார்

*

ஏப்ரல் 6

ஏய் பொண்ணே,

செவப்பு! செவப்போ செவப்பு! கடிக்கலாம் போல இருக்கு. தெருவுல போன தபால்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உங்க அண்ணன் மூக்குக்கு நேரா தாளை நீட்டினேன், அவ்வளவுதான். 'நல்லாத்தான் வருது'ன்னு முனகினார்.

எதிர்க்கடைக்காரர் இருக்காரே, அவரும் ஜன்னல் வழியா எட்டி எட்டிப் பார்க்கிறார். அவரைப் பத்தி உனக்குத் தெரியாது. நான் கடை போட்டு ஓடறதைப் பார்த்துட்டு நேர் எதிர்லயே கடை போட்டவர். நான் பச்சை போர்டு வச்சா அவரும் பச்சை. நான் வாடிக்கைக்கு நாற்காலி போட்டா மறுநாளே அவரும் நாற்காலி. நான் மகாராணியை வாங்கினா அவரும் அதே மெஷின். இப்போ அது ஓடாம துணி போர்த்திக் கிடக்கு. பார்க்கட்டும், நல்லாப் பார்க்கட்டும்.

ஒரே குறை. படம் நடுவுல விழல. இடது பக்கமா ஒதுங்கி, மேலயும் ஏறி விழுது. பாக்கெட் மடிச்சா தக்காளி மூலையில ஒளிஞ்சுக்கும். தாளை வச்சிருக்கேன், சரி பண்ணு.

அன்புள்ள (ஆமா, எழுதிட்டேன்)
அண்ணி

*

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணி,

தாள் வந்துச்சு. அழகு! ஆனா படம் ஒதுங்கல. ஸ்கேல் வச்சுப் பார்த்தேன், நாலு பக்கமும் சமமா, கச்சிதமா நடுவுல இருக்கு. எதுக்கும் இன்னொரு தடவை அடிச்சு அனுப்புங்க.

நாத்தனார்

*

ஏப்ரல் 21

நாத்தனாருக்கு,

மறுபடியும் அன்புள்ள கிடையாது.

நான் பொய்யா சொல்றேன்? எத்தனை வருஷமா தாளோட குடும்பம் நடத்தறவ நான். கோணலா நேரான்னு எனக்குத் தெரியாதா? மூணு தாள் அனுப்பியிருக்கேன். மூணும் ஒதுங்கித்தான் வந்துச்சு. கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாரு. மேல மேகம் வேற அப்பப்போ எட்டிப் பார்த்துட்டுப் போகுது.

அண்ணி

*

ஏப்ரல் 28

அண்ணி,

கண்ணாடி போட்டேன். பக்கத்து வீட்டுக்காரங்க கண்ணாடியையும் வாங்கிப் போட்டேன். மூணும் நடுவுலதான் இருக்கு. குழுவுல ரெண்டு பேர் என்னோட சேர்ந்து மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. 'உன் அண்ணி கண்ணு நல்லா இருக்கா?'ன்னு ஒருத்தர் கேட்டார். அவரை என்ன சொன்னேன்னு இங்க எழுத முடியாது.

அப்புறம் சும்மா மூணு தாளையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பார்த்தேன். மூணும் வேற வேற அளவு! ஒண்ணு கட்டை, ஒண்ணு ஒல்லி. ஒரே கட்டுல எடுத்த தாள் எப்படி வேற அளவாகும்?

அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அனுப்பறதுக்கு முன்னாடி தாளை வெட்டினீங்களா?

நாத்தனார்

*

மே 4

அடியே,

வெட்டாம? பின்ன கோணலும் மாணலுமா அனுப்புவாங்களா? இந்தக் கடையிலேருந்து ஓரம் வெட்டாத தாள் வெளிய போனதே இல்ல. அதுவும் நாத்தனார் கைக்குப் போற தாள்! படம் ஒதுங்கி விழுந்தா ஓரத்தை வெட்டற மெஷின்ல வச்சு நறுக்குனு வெட்டி, நடுவுல கொண்டு வந்து, அப்புறம்தான் கவர்ல போட்டேன். கை அதுபாட்டுக்குச் செஞ்சுடுச்சு. நான் நினைச்சுக்கூடப் பார்க்கல.

உன் கடுதாசியைப் படிச்சுட்டு உங்க அண்ணனும் நானும் சிரிச்ச சிரிப்புல எனக்கு விலாவே பிடிச்சுக்கிச்சு. இத்தனை நாள் உன்னைக் குருடின்னு திட்டிக்கிட்டு இருந்தேனே!

வெட்டாத தாள் இதோ. அசிங்கமா இருக்கு. யார்கிட்டயும் காட்டாதே.

அன்புள்ள
அண்ணி

*

மே 11

அன்புள்ள அண்ணி,

யார்கிட்டயும் காட்டல. குழு முழுக்கக் காட்டினேன், அவ்வளவுதான்.

கோளாறு கிடைச்சுடுச்சு. மகாராணி தாளை மூலையிலேருந்து அளக்கிறா, நான் ஓரத்துக்கு இடம் விட்டு அளந்தேன். சரி பண்ணி அனுப்பியிருக்கேன். இனிமே தக்காளி நடுவுலதான் உட்காரும்.

இன்னொரு நல்ல சேதி. டிரைவரை எல்லாருக்குமா வெளிய விட்டாச்சு. இந்த மெஷின் வச்சிருக்கிற யாரும் இறக்கிக்கலாம். கூடவே உழைச்சவங்க பேர்ப் பட்டியல் ஒண்ணு இருக்கு. எழுதினது நான், ஓட்டிப் பார்த்தது நீங்க. உங்க பேர் என் பேருக்கு அடுத்து இருக்கு. உலகத்துல எந்த மூலையில யார் திறந்தாலும் இருக்கும்.

நாத்தனார்

*

மே 17

நாத்தனாருக்கு,

பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம்.

நேத்து எதிர்க்கடையில துணியை எடுத்துட்டாங்க. மெஷின் ஓடுது. அதே உறுமல். எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்! நீ வெளிய விட்டதை அவர் இறக்கிப் போட்டுக்கிட்டார். நான் நீலத் தக்காளி அடிச்சு, தபாலுக்கு நடையா நடந்து, உன்கிட்ட கத்தி, உங்க அண்ணன்கிட்ட பேச்சு வாங்கி... அவருக்கு உட்கார்ந்த இடத்துல சும்மாவே வந்துடுச்சா? என் போர்டைப் பார்த்து எழுதினவர், இப்போ நீயே பரீட்சை பேப்பரை நீட்டிட்டே. சொந்த நாத்தனார்!

இது போதாதுன்னு என் வேலையும் நின்னு போச்சு. மாதிரி அடிச்சது சாதாத் தாள்ல. விதைப் பாக்கெட்டுக்குத் தடிமனான தாள் வேணும், ஈரம் இறங்கக் கூடாது. அதை விட்டா மகாராணி பாதியில விழுங்கிட்டு நிக்கிறா. போற தாளும் மை ஒட்டாம, கை பட்டா உதிருது. முன்னாடியெல்லாம் 'தடித் தாள்'னு ஒரு பட்டன் இருக்கும், மெதுவா, சூடா ஓடுவா. உன் டிரைவர்ல அந்தப் பட்டனே இல்ல. விதைக்கடைக்காரர் வந்து வானத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுத்திருக்கார். அதுக்கு மேல அவரும் என்ன பண்ணுவார்?

அந்த எதிர்க்கடைக்காரருக்கு மட்டும் ஓடாதபடி ஏதாவது பண்ண முடியுமா? பண்ணு.

அண்ணி

*

மே 23

அன்புள்ள அண்ணி,

இது ரெண்டு பக்கக் கடுதாசி. முதல் பக்கத்தைப் படிச்சு, நெட்ல அனுப்பியிருக்கிறதைப் போட்டு, தடித் தாள் அடிச்சுப் பார்த்துட்டு, அதுக்கப்புறம்தான் ரெண்டாம் பக்கம் படிக்கணும். சத்தியம் பண்ணுங்க.

அவருக்கு மட்டும் ஓடாம பண்ண முடியாது அண்ணி. வெளிய விட்டா எல்லாருக்கும்தான். பிடிச்சவங்களுக்கு மட்டும்னு சொன்னா நமக்கும் அந்த மூடி வச்ச கம்பெனிக்கும் என்ன வித்தியாசம்? உங்க கோபம் நியாயம். நான் வேலையைப் பார்த்தேன். அந்தத் தடித் தாள் பட்டன் எனக்குப் பிடிபடவே இல்ல. மகாராணிகிட்ட என்ன வார்த்தை சொன்னா மெதுவா ஓடுவான்னு அவளைச் செஞ்சவங்களுக்குத்தான் தெரியும். தலையைப் பிச்சுக்கிட்டேன். முந்தாநாள் குழுவுக்கு ஒரு திருத்தம் வந்துச்சு. படிச்சேன், சேர்த்தேன். போட்டுப் பாருங்க.

(ரெண்டாம் பக்கம்)

போட்டாச்சா? ஓடுதா?

அதை எழுதினது நான் இல்ல. எதிர்க்கடைக்காரர். அனுப்பினவர் விலாசத்துல உங்க தெரு இருந்ததால கண்டுபிடிச்சேன். பரண்ல அவரோட பழைய கம்ப்யூட்டர் கிடந்திருக்கு. கால் மணி நேரம் ஓடினா சூடாகி அணைஞ்சிடுமாம். அதை விடாம திரும்பத் திரும்பக் கிளப்பி, தடித் தாள் பட்டனை அமுக்கும்போது மெஷினுக்கு என்ன போகுதுன்னு பிடிச்சு எழுதி, நம்ம டிரைவர்ல சேர்த்து அனுப்பியிருக்கார். நான் உங்க நாத்தனார்னு அவருக்குத் தெரியாது.

திருத்தம் அனுப்பினா எதுக்குன்னு ஒரு வரி எழுதணும், அது எங்க வழக்கம். அவர் எழுதினதை அப்படியே தரேன்: 'என் கடையில தடித் தாள் வேலை கிடையாது. எதிர்க்கடை அம்மாவுக்குத் தாள் சிக்குது. அவங்க மெஷினைத் திட்டறது தெரு முழுக்கக் கேட்குது. நேர்ல போய்ச் சொல்ல பயமா இருக்கு, அதனால இங்க அனுப்பறேன்.'

பட்டியல்ல அவர் பேரையும் சேர்த்தாச்சு. உங்க பேருக்குக் கீழே.

நாத்தனார்

*

ஜூன் 2

அன்புள்ள நாத்தனாரே,

ரெண்டாம் பக்கத்தைத்தான் முதல்ல படிச்சேன். படிக்காதேன்னா படிக்கிறவதானே நான்.

திரும்பவும் படிச்சேன். உங்க அண்ணன் வாங்கிப் படிச்சுட்டு, 'உன்னைப் பார்த்து இன்னொருத்தரும் பயப்படறார்'னு சந்தோஷப்படறார். அப்புறம் தடித் தாளை விட்டேன். மகாராணி மெதுவா, கௌரவமா, ஒண்ணொண்ணா எடுத்து வச்சா. நகத்தால சுரண்டினேன், மை அசையல. நான் அழுதேன், போதுமா?

ஆனா மெதுவா ஓடறாளே! அப்போ மாசம் முடிய ரெண்டே நாள், மேல பார்த்தா கறுத்துக்கிட்டு வருது. ஒரு மெஷினால ஆகிற வேலை இல்ல. வாசல்ல கொஞ்ச நேரம் நின்னேன். உள்ள வந்தேன். மறுபடியும் போய் நின்னேன். அப்புறம் செருப்பை மாட்டிக்கிட்டு, தாள் கட்டைத் தூக்கிக்கிட்டு, ரோட்டைத் தாண்டிட்டேன்.

அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னுட்டார். 'மெஷின் சத்தம் அதிகமா இருக்கா, குறைச்சுடட்டுமா?'ன்னு கேட்கிறார் பாவம். 'சத்தமெல்லாம் இருக்கட்டும். ஆர்டர்ல பாதி உங்களுது, கூலியும் பாதி. பூசணியும் கத்தரியும் நீங்க அடிங்க, தக்காளியை நான் யாருக்கும் தரமாட்டேன்'னேன். அவர் ஓட்டறதைப் பார்த்தா தாளைத் தலைகீழா வைக்கிறார். 'தள்ளுங்க'ன்னு நானே உட்கார்ந்துட்டேன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியுமே தவிர தாள் தெரியல. கத்துக்குவார்.

ரெண்டு கடையிலயும் ரெண்டு மகாராணியும் எதிரும் புதிருமா உறுமினாங்க. வெட்டறதும் ஒட்டறதும் என் கடையில. உங்க அண்ணன் ரோட்டுக்குக் குறுக்க கட்டு தூக்கித் தூக்கி ரெண்டு கிலோ இளைச்சுட்டார். கடைசிக் கட்டை வண்டியில ஏத்தி மூடினோம், முதல் தூறல் விழுந்துச்சு. விதைக்கடைக்காரர் வண்டி டிரைவர் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு ஜன்னல் வழியா கும்பிடறார். நாங்க நனைஞ்சுக்கிட்டே நின்னு கை ஆட்டினோம். அடுத்த வருஷ ஆர்டரையும் அப்பவே சொல்லிட்டுப் போயிட்டார். இரும்புக் கடைப் பேச்சை இனிமே எடுத்தா உங்க அண்ணனைத்தான் எடைக்குப் போடணும்.

ஒரு வேலை சொல்றேன், மறக்காம செய். அந்தப் பட்டியல்ல அவர் பேர் எனக்குக் கீழே இருக்குன்னு எழுதியிருந்தியே, அதை எடுத்து எனக்கு மேல போடு.

வேண்டாம், வேண்டாம். மேலன்னா தலைகால் புரியாது அவருக்கு. பக்கத்துல போடு.

அன்புள்ள
அண்ணி